பழைய அறுவடை மெஷின் ஹெட்டர் அக்குமுலேட்டர்: காஸ் இருக்கிறதா என்று பார்ப்பதும் நைட்ரஜன் நிரப்புவதும்

தலைவாசல் மெஷின்

வணக்கம். எங்களிடம் 14 அடி ஹெட்டர் (முன்னால் பயிரை வெட்டும் பகுதி) உள்ள பழைய டயர் வகை அறுவடை மெஷின் ஒன்று இருக்கிறது. கைமாறி வந்தது, மேனுவல் கிடைக்கவில்லை. சம்பா அறுவடைக்கு டெல்டா பக்கம் இறக்குவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறோம்.

போன சீசனிலேயே ஹெட்டர் விறைப்பாக இருந்தது. வரப்பு ஏறி இறங்கினால் அடி முழுக்க சேசிஸுக்கு வருகிறது. ஓட்டுபவருக்கு மாலைக்குள் இடுப்பு விட்டுப்போகிறது. ஹெட்டர் தூக்கும் சிலிண்டருக்குப் போகிற லைனில் கறுப்பாக ஓர் உருண்டை இருக்கிறது. சேற்றைத் துடைத்துப் பிளேட்டைப் பார்த்தேன். கொள்ளளவு 0.75 லிட்டர், பி-0 என்ற இடத்தில் 60 பார், அதிகபட்சம் 210 பார் என்று போட்டிருக்கிறது. இதுதான் அக்குமுலேட்டர் என்று தெரியும். உள்ளே காஸ் இருக்கிறதா, போய்விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் ஊர் மெக்கானிக், "அது இல்லாமலேயே ஓடும், கழற்றிவிட்டு பிளக் அடித்துவிடலாம்" என்கிறார். அது சரியா?

மன்னை டிரைவர்

பிளக் அடிக்காதீங்க அண்ணே. மெஷின் ஓடும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அடி வேறு எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். நான் ஓட்டிய ஒரு வண்டியில் முதலாளி அப்படித்தான் அடைத்து வைத்திருந்தார். சீசன் பாதியில் ஹெட்டர் தாங்கும் இடத்தில் வெல்டிங் விட்டது. லிஃப்ட் ஹோஸும் அடிக்கடி வெடிக்கும். ரோட்டில் ஹெட்டரைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போனால் முன்பக்கம் குதிக்கும், ஸ்டியரிங் லேசாகிவிடும்.

கோவை ஹைட்ராலிக்ஸ்

மன்னை டிரைவர் சொல்வது சரி. ஏன் என்று கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்ற எல்லாச் சோதனையும் தானாகப் புரியும்.

ஹைட்ராலிக் ஆயிலை அழுத்தினாலும் அது சுருங்குவது மிகக் குறைவு. அதனால் சிலிண்டருக்குள் ஆயில் மட்டும் இருந்தால் ஹெட்டர் இரும்புத் தூணின் மேல் நிற்பது மாதிரிதான். அந்த உருண்டைக்குள் ஒரு ரப்பர் தடுப்பு இருக்கிறது. அதற்கு ஒரு பக்கம் ஆயில், மறு பக்கம் நைட்ரஜன். ஹெட்டர் குலுங்கும்போது சிலிண்டரிலிருந்து வரும் ஆயில் உருண்டைக்குள் போய்க் காஸை அழுத்தும், பிறகு காஸ் அதைத் திருப்பித் தள்ளும். இங்கே ஸ்பிரிங் வேலையைச் செய்வது அந்த நைட்ரஜன்தான்.

பிளேட்டில் உள்ள பி-0 என்பது ஆயில் பக்கம் அழுத்தமே இல்லாதபோது காஸ் பக்கம் இருக்க வேண்டிய அழுத்தம். முன்னழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் உருண்டையையே கணக்குப் போடுவோம். ஹெட்டரைத் தூக்கிப் பிடிக்க 100 பார் வேண்டும் என்று வையுங்கள். முன்னழுத்தம் 60 சரியாக இருந்தால், 0.75 லிட்டர் காஸ் சுருங்கி சுமார் 0.45 லிட்டர் ஆகும். மீதி 0.3 லிட்டர் இடத்தில் ஆயில். குலுங்குவதற்கு இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது.

காஸ் கசிந்து முன்னழுத்தம் 15-க்கு வந்துவிட்டது என்றால், அதே 100 பாரில் காஸ் வெறும் 0.12 லிட்டராக நசுங்கிவிடும். உருண்டை கிட்டத்தட்ட முழுவதும் ஆயில். மிச்சமிருக்கும் காஸ் சிறியது என்பதால் விறைப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. ரப்பரும் எல்லை வரை இழுபட்டு நிற்கும், சீக்கிரம் கிழியும்.

இப்போது எதிர்ப்பக்கம். யாரோ ஆர்வத்தில் 110 பார் நிரப்பிவிட்டார்கள் என்றால்? 100 பார் ஆயிலால் அந்த ரப்பரை அசைக்கவே முடியாது. ஆயில் உள்ளே நுழையாது. ஹெட்டர் அதே இரும்புத் தூண்.

கவனியுங்கள்: காஸ் குறைந்தாலும் விறைப்பு, காஸ் கூடினாலும் விறைப்பு. ஓட்டிப் பார்த்து இது எந்த நோய் என்று யாராலும் சொல்ல முடியாது. "விறைப்பா இருக்கு, இன்னும் கொஞ்சம் காஸ் ஏத்து" என்பதுதான் நம் ஊரில் அடிக்கடி நடப்பது. கேஜ் போடாமல் இதில் கை வைக்கவே கூடாது.

பட்டறை 73

எங்கள் வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டர் எப்போதும் இருக்கும், 100 பாருக்கு மேல் அழுத்தம் உண்டு. நைட்ரஜனுக்காக டவுனுக்கு அலைவதற்குப் பதில் அதிலிருந்தே கொஞ்சம் விட்டால் என்ன? காஸ் தானே?

சங்ககிரி பிரேக்கர்

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இதைப் படிக்கிற யாரும் இதை முயற்சிக்கக் கூடாது.

அழுத்தத்தில் இருக்கிற ஆக்சிஜனும் ஆயிலும் சேர்ந்தால் நெருப்புப் பொறிகூடத் தேவையில்லை, வெடிக்கும். ரப்பர் நல்லதாக இருந்தாலும் மேல்பக்கம் ஆயில் பிசுக்கு இருக்கத்தான் செய்யும். ஹெட்டர் ஒரு வரப்பில் அடித்ததும் காஸ் சட்டென்று அழுந்திச் சூடாகும். அந்தச் சூடு போதும். இரும்பு உருண்டை துண்டு துண்டாகப் பறக்கும், அதுவும் டிரைவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குச் சில அடி தூரத்தில். ஆக்சிஜன் சிலிண்டர் ரெகுலேட்டரில் கிரீஸ் படக்கூடாது என்று உங்கள் பட்டறையிலேயே சொல்வார்களே, அதே காரணம்தான் இங்கும்.

கம்ப்ரசர் காற்றும் கூடாது. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்தான், கூடவே ஈரம் வேறு, உள்ளே துரு பிடிக்கும்.

நம் நாட்டுத் தரப்படி ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து. நைட்ரஜன் சாம்பல் உடம்பு, கறுப்புக் கழுத்து. ஆனால் பெயிண்டை மட்டும் நம்பாதீங்க, சிலிண்டரில் ஒட்டியிருக்கும் பெயரையும் படித்துப் பாருங்க. சிலிண்டர் வால்வில் காஸ் நிரப்பும் கிட் (ஹோஸும் கேஜும் சேர்ந்தது) உட்காரவில்லை என்றால் அடாப்டர் தேடாமல் முதலில் அது எந்தக் காஸ் என்று பாருங்க. வேறு காஸ் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சில காஸ்களுக்கு வால்வையே மாற்றி வைத்திருக்கிறார்கள்.

பட்டறை 73

புரிந்தது அண்ணா, நன்றி. எங்கள் பையன்களிடமும் இன்றே சொல்லிவிடுகிறேன்.

மட்டுறுத்துநர்

பட்டறை 73-இன் கேள்வியை நீக்கவில்லை. இதே எண்ணம் வேறு பலருக்கும் வரும், பதிலையும் சேர்த்துப் படிக்கட்டும். நிரப்ப வேண்டியது உலர்ந்த நைட்ரஜன் மட்டுமே.

தலைவாசல் மெஷின்

எல்லோருக்கும் நன்றி. ஆத்தூரில் டயர் கடையில் நைட்ரஜன் போடுகிறார்களே, அது ஆகாதா? அப்புறம், என்னிடம் நைட்ரஜன் கிட் எதுவும் இல்லை. கிட் இல்லாமல் முதலில் காஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வழி உண்டா?

சங்ககிரி பிரேக்கர்

டயர் கடை நைட்ரஜன் ஆகாது. அங்கே காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் மெஷின்தான் இருக்கும். டயருக்கு வேண்டிய அழுத்தம்தான் வரும், உங்களுக்கு வேண்டியது 60 பார். பக்கத்திலேயே வராது.

நான் கல் உடைக்கும் பிரேக்கர் ரிப்பேர் செய்கிறேன். பிரேக்கரிலும் நைட்ரஜன்தான், அதனால் எங்களைப் போன்றவர்களிடம் சிலிண்டரும் கிட்டும் கேஜும் எப்போதும் வண்டியில் இருக்கும். நாமக்கல், சேலம், கரூர் பக்கம் கல் குவாரி இருக்கிற ஊர்களில் எல்லாம் பிரேக்கர் மெக்கானிக் கிடைப்பார். அறுவடை மெஷின்காரர்கள் இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

சரி, கிட் இல்லாமல் பார்க்கும் முறை. இதற்கு ஆயில் பக்கத்தில் ஒரு கேஜ் வேண்டும். 0 முதல் 250 பார் வரை உள்ள கிளிசரின் கேஜ் வாங்கி, அக்குமுலேட்டர் லைனில் ஒரு டீ (மூன்று வழிக் குழாய் இணைப்பு) போட்டு மாட்டுங்க. டீ போட லைனைக் கழற்றுவதற்கு முன் ஹெட்டரை முழுக்கத் தரையில் உட்கார வைத்து, இன்ஜினை நிறுத்தி, லீவரை இறக்கும் பக்கம் பிடித்து உள்ளே இருக்கும் ஆயில் எல்லாம் டேங்குக்குத் திரும்ப விடணும். இது ரொம்ப முக்கியம். இன்ஜின் நின்றுவிட்டது என்பதால் அழுத்தம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அக்குமுலேட்டரின் வேலையே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதுதான். யூனியனை (குழாய் இணைப்பை) தளர்த்தும்போதும் ஒரேயடியாகக் கழற்றாமல் கால் சுற்று விட்டுப் பாருங்க.

கேஜ் மாட்டியதும் இன்ஜினை ஓட்டி ஹெட்டரைத் தூக்குங்க. அப்போது காட்டும் அழுத்தத்தைக் குறித்து வையுங்க, அதுதான் உங்கள் ஹெட்டரின் எடைக்கான அழுத்தம். பிறகு மெல்ல இறக்குங்க. ஹெட்டர் கீழே யாரும் நிற்கக் கூடாது, கேஜ் படிப்பவர் பக்கவாட்டில் நிற்கட்டும். ஹெட்டர் தரையில் முழுக்க உட்கார்ந்த பிறகும் லீவரை விடாமல் இறக்கும் பக்கமே லேசாகப் பிடித்திருங்க. இப்போது அக்குமுலேட்டருக்குள் இருக்கும் ஆயில் வெளியே வரும். கேஜ் முள் நிதானமாக இறங்கும், ஓர் இடம் வந்ததும் சடாரென்று சைபருக்கு விழும். அந்த விழுகிற இடம்தான் முன்னழுத்தம். ரப்பர் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது, தள்ளுவதற்கு இனி ஆயில் இல்லை என்று அர்த்தம்.

முள் கண்ணுக்குச் சிக்காமல் விழுந்துவிடும். மொபைலில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்க. மேலிருந்தே நேராக சைபருக்கு விழுந்தால் காஸ் சுத்தமாக இல்லை, அல்லது எடை அழுத்தத்தைவிடக் கூடுதலாக நிரப்பியிருக்கிறார்கள்; எது என்று காஸ் பக்கம் கேஜ் போட்டால்தான் தெரியும்.

மன்னை டிரைவர்

இன்னொன்று. நாங்கள் வயலில் செய்வது: அரை நாள் ஓடிய பிறகு உருண்டையைத் தொட்டுப் பார்ப்போம். ஆயில் பக்கம் சூடாகவும் காஸ் பக்கம் அதைவிடக் குறைவாகவும் இருந்தால் நல்லது. முழுக்க ஒரே சூடாக இருந்தால் உள்ளே எல்லாம் ஆயில்.

சங்ககிரி பிரேக்கர்

அது ஒரு சந்தேகம் வர உதவும், அவ்வளவுதான். நல்ல வெயிலில் நிற்கும் மெஷினில் எல்லாமே ஒரே சூடாகத்தான் இருக்கும். கேஜுக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம் தம்பி.

தலைவாசல் மெஷின்

சொன்னபடி டீ போட்டுப் பார்த்தோம். ஹெட்டர் தூக்கி நிறுத்தியபோது கேஜ் 95 பார் காட்டியது. இறக்கி லீவரைப் பிடித்தபோது முள் நிதானமாக வந்து, 20-க்குச் சற்று முன்னால் சைபருக்கு விழுந்தது. வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது. திரும்பத் திரும்பப் பார்த்தும் அதே இடம்தான்.

கோவை ஹைட்ராலிக்ஸ்

அருமை. 60 இருக்க வேண்டிய இடத்தில் 20. ஆனால் இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது: முள் ஓர் இடத்தில் விழுகிறது என்றால் காஸ் இன்னும் இருக்கிறது, அப்படியானால் ரப்பர் பெரும்பாலும் கிழியவில்லை. நைட்ரஜன் ரப்பர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊடுருவி ஆயிலோடு போய்விடும். பல வருடம் கவனிக்காமல் விட்டால் இந்த நிலை வருவது இயல்புதான்.

95-க்கு 60 என்பது 0.63 பங்கு. அதிர்ச்சி தாங்கும் வேலைக்கு வழக்கமாக 0.6 முதல் 0.8 வரை வைப்பார்கள். எனவே பிளேட்டில் உள்ள எண் உங்கள் ஹெட்டருக்குப் பொருந்துகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய மெஷின்களில் யாராவது ஹெட்டரை மாற்றியிருப்பார்கள், அல்லது வேறு மெஷினின் அக்குமுலேட்டரை மாட்டியிருப்பார்கள். அப்போது பிளேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது, இப்படி ஒருமுறை எடை அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தலைவாசல் மெஷின்

மகிழ்ச்சி சார். அப்படியானால் காஸ் நிரப்பினால் போதும். எங்கள் பக்கத்துக் குவாரிக்கு வருகிற பிரேக்கர் மெக்கானிக் ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வரும்போது நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

சங்ககிரி பிரேக்கர்

அவருக்கு வேலை தெரிந்திருக்கும். இருந்தாலும் பிரேக்கர் வேறு, இது வேறு. பிரேக்கர் பின் தலையில் (காஸ் அடைத்திருக்கும் பகுதி) அழுத்தம் இதைவிட நிறையக் குறைவு, அந்தப் பழக்கத்தில் செய்துவிடக் கூடாது. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

முதலில் ஹெட்டர் தரையில், இன்ஜின் ஆஃப், லீவர் பிடித்து ஆயில் பக்கம் சைபர். இந்த டீ கேஜ் இருப்பதால் இப்போது கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆயில் பக்கம் அழுத்தம் வைத்துக்கொண்டு காஸ் பக்கம் கேஜ் மாட்டினால் அது காட்டுவது ஆயில் அழுத்தம்தான், முன்னழுத்தம் இல்லை. நிறைய பேர் தவறுவது இந்த இடத்தில்தான். கேஜில் 95 காட்டும், "காஸ் நிறைய இருக்கு" என்று மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

மேல் மூடியைக் கழற்றினால் உள்ளே என்ன வால்வு என்று தெரியும். ஐரோப்பிய வகை உருண்டைகளில் பெரும்பாலும் 28 மில்லி மரையும், நடுவில் 6 மில்லி ஆலன் கீ போடும் ஸ்க்ரூவும் இருக்கும். அந்த ஸ்க்ரூவைக் கிட் மாட்டாமல் வெறும் ஆலன் கீயால் தளர்த்தவே கூடாது. காஸ் அந்த வழியாகத்தான் வரும், ஸ்க்ரூவும் பறக்கும். வேறு வகையில் டயர் வால்வு மாதிரியே சின்ன வால்வு இருக்கும். பார்க்க டயர் வால்வுதான், ஆனால் உள்ளே இருக்கும் பின் உயர் அழுத்தத்துக்கானது. அது பழுது என்றால் டயர் கடையில் வாங்கிப் போடாதீங்க. மரை சேரும், அழுத்தம் தாங்காது.

கிட்டை மாட்டி, வெளியேற்றும் வால்வை மூடி, மேல் கைப்பிடியைத் திருப்பினால் கேஜ் இப்போது இருக்கும் அழுத்தத்தைக் காட்டும். உங்களுக்கு 20 பக்கம் காட்டணும். அப்போது வெளியேற்றும் வால்வை ஒரு நொடி மட்டும் திறந்து, வரும் காஸுக்கு எதிரே வெள்ளைத் துணியைப் பிடியுங்க. கையைப் பிடிக்கக் கூடாது, முகத்தைத் தள்ளி வையுங்க. துணி காய்ந்து இருந்தால் சரி. ஆயில் தெறித்தால் ரப்பர் போய்விட்டது, நிரப்பிப் பயனில்லை. உங்களுடையது பற்றவைத்து மூடிய உருண்டை என்றால் ரப்பர் மட்டும் மாற்ற முடியாது, முழுசாகத்தான் மாற்றணும். நடுவில் மரை போட்டுத் திறக்கிற வகைக்கு மட்டும் ரப்பர் தனியாகக் கிடைக்கும்.

நிரப்பும்போது சிலிண்டர் வால்வை மிக மிக லேசாகத் திறக்கணும், ஹிஸ் என்று சன்னமாகச் சத்தம் வரும் அளவுக்கு. அவசரமாகத் திறந்தால் விரிகிற காஸ் குளிர்ந்து ரப்பரை விறைக்க வைக்கும், அதே நேரம் அடியில் கொண்டுபோய் அடிக்கும். பை மாதிரி ரப்பர் உள்ள உயரமான அக்குமுலேட்டரில் அடி வால்வுக்குள் ரப்பர் பிதுங்கிக் கிழிந்தே போகும்.

நிரம்பிய நைட்ரஜன் சிலிண்டரில் 150 பார் வரை இருக்கும். உங்கள் உருண்டை 210 பார் தாங்கும், அதனால் கை தவறினாலும் உடையாது. ஆனால் 100 பார் மட்டும் தாங்கும் சின்ன உருண்டைகளும் உண்டு. அவற்றுக்கு ரெகுலேட்டர் இல்லாமல் நிரப்பச் சம்மதிக்காதீங்க. ஏசி மெக்கானிக்கிடம் இருக்கும் நைட்ரஜன் ரெகுலேட்டர் இதற்கு எட்டுமா என்று அதன் வெளி கேஜைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க, பல ரெகுலேட்டர் 60 வரை போகாது.

60-ஐத் தாண்டிச் சற்று ஏற்றி, சிலிண்டரை மூடி, கால் மணி நேரம் விடுங்க. காஸின் சூடு நிலைப்பட்டதும் மீண்டும் பார்த்து, கூடுதலை வெளியேற்றிச் சரியாக வைக்கலாம். கடைசியில் சோப்பு நுரை போட்டுக் கசிவு பார்த்து மூடியை மாட்டுங்க. மூடி வெறும் தூசிக்காக என்று நினைத்து விட்டுவிடாதீங்க.

கோவை ஹைட்ராலிக்ஸ்

இரண்டு சிறு சேர்க்கை.

பிளேட்டில் உள்ள 60 என்பது 20 டிகிரி வெப்பநிலைக்கானது. நம் ஊரில் பகலில் 35 டிகிரியில் நிரப்பினால் கேஜில் 63 காட்டும்படி வைக்க வேண்டும், அது 20 டிகிரியில் 60 ஆகிவிடும். ஓடி வந்த சூட்டோடு பார்த்தால் இன்னும் தவறும். காலையில் மெஷின் ஆறியிருக்கும்போது செய்யுங்கள்.

அடுத்தது, அடிக்கடி சோதிக்காதீர்கள். ஒவ்வொரு முறை கேஜ் மாட்டும்போதும் கிட்டுக்குள் கொஞ்சம் காஸ் போய்விடும். 4 மில்லிமீட்டர் உள்விட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள நிரப்பும் ஹோஸ் 25 மில்லிலிட்டர் காஸை எடுத்துக்கொள்ளும். உங்கள் 0.75 லிட்டரில் அது 3 சதவீதம் என்பதால் பெரிதில்லை. 0.32 லிட்டர் உருண்டையில் 7 சதவீதம் போய்விடும். சோதிக்க மட்டும் என்றால் ஹோஸைக் கழற்றிவிட்டுக் கேஜ் கட்டையை மட்டும் மாட்டுங்கள். நிரப்பிய ஒரு வாரத்தில் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு சீசனுக்கு முன்னும் ஒருமுறை பார்த்தால் போதும். உங்களுக்கு இப்போது டீ கேஜ் இருக்கிறது, காஸ் பக்கத்தைத் தொடாமலேயே ஆயில் பக்கமாகப் பார்த்துக்கொள்ளலாம். அது இன்னும் நல்லது.

வடமராட்சியான்

வணக்கம். நான் நோர்வேயில் பண்ணை இயந்திரங்கள் திருத்தும் இடத்தில் வேலை செய்கிறேன். இங்கே கல் நிறைந்த நிலம். கலப்பை கல்லில் பட்டால் தானாக மேலெழும்பித் திரும்ப இறங்குகிற வகைக் கலப்பைகளிலும் இதே அக்குமுலேட்டர்தான். கோவை அண்ணை சொன்ன வெப்பநிலைக் கணக்கு இங்கே எதிர்த்திசையில் வரும். திருத்தகத்துக்குள் 20 பாகையில் 100 பார் நிரப்பி, வெளியே மறை 20 பாகையில் (மைனஸ் 20 டிகிரியில்) பார்த்தால் 86 பார்தான் காட்டும். கசிவு என்று நினைத்துத் திரும்பக் கொண்டுவருவார்கள். கசிவு இல்லை, குளிர்தான்.

கசிவு தேடுகிறபோது ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹோஸில் ஊசித்துளை அளவு ஓட்டை இருந்து ஆயில் பீய்ச்சினால் அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் சின்னப் புள்ளிதான் தெரியும், தொடக்கத்தில் வலிகூடப் பெரிதாக இராது. சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் ஆயில் உள்ளே போனது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

பொள்ளாச்சி லோடர்

இதே இழையில் கேட்கலாமா? தென்னந்தோப்பு வேலைக்கு, முன்பக்க லோடர் மாட்டிய பழைய டிராக்டர் வைத்திருக்கிறேன். பக்கெட் குலுங்காமல் இருக்க அக்குமுலேட்டரும், அதை ஆன் ஆஃப் செய்ய ஒரு சுவிட்சும் உண்டு. பக்கெட்டைத் தரையில் வைத்தால் ஆயில் பக்கம் சைபர் ஆகிவிடும்தானே?

கோவை ஹைட்ராலிக்ஸ்

ஆகாது. கேட்டது நல்லதாகப் போயிற்று. உங்கள் அமைப்பில் அக்குமுலேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு வால்வு இருக்கிறது, சுவிட்ச் அதைத்தான் திறந்து மூடுகிறது. சுவிட்சை ஆஃப் செய்துவிட்டுப் பக்கெட்டை இறக்கினால் சிலிண்டர் அழுத்தம் போய்விடும், அக்குமுலேட்டர் தன் அழுத்தத்தோடு வால்வுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு நிற்கும். அந்த யூனியனைத் திறந்தால் ஆபத்து.

பக்கெட்டைத் தரையில் வைத்து, இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆனில் வைத்து, குலுக்கல் சுவிட்சை ஆன் செய்து, லீவரை இறக்கும் பக்கம் பிடியுங்கள். அப்போதுதான் அக்குமுலேட்டர் ஆயில் டேங்குக்குப் போகும். சில வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் அல்லது வண்டி நகர்ந்தால்தான் அந்த வால்வு திறக்கும், அவற்றில் கையால் திறக்கும் ஸ்க்ரூ ஒன்று இருக்கும். எதுவாக இருந்தாலும் ஒரு கேஜ் மாட்டி பூஜ்யம் என்று பார்த்த பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள்.

பொள்ளாச்சி லோடர்

நன்றி சார். இந்த ஸ்க்ரூ எங்கே என்று தேடிவிட்டுத்தான் அடுத்த வேலை.

தலைவாசல் மெஷின்

வேலை முடிந்தது. துணி காய்ந்தே இருந்தது. காலையில் 30 டிகிரி, கோவை சார் கணக்குப்படி 62 வைத்தோம். மெக்கானிக் முதலில் வேகமாகத் திறக்கப் போனார், சங்ககிரி அண்ணன் எழுதியதைக் காட்டியதும் நிதானமாகவே செய்தார். ஒரு வாரம் கழித்து ஆயில் பக்கம் பார்த்தபோது முள் அதே இடத்தில்தான் விழுந்தது. வரப்பில் ஹெட்டர் இப்போது லேசாக மிதந்து போகிறது. ஓட்டுபவர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. டீயையும் கேஜையும் கழற்றவில்லை, கல் அடிக்காத இடமாகத் திருப்பி வைத்து அப்படியே விட்டுவிட்டோம்.

மன்னை டிரைவர்

நல்ல செய்தி அண்ணே. டெல்டா பக்கம் வரும்போது சொல்லுங்க. ஒரு கேள்வி மட்டும் பாக்கி. எங்கள் ஷெட்டில் கழற்றிப் போட்ட பழைய உருண்டைகள் கிடக்கின்றன. காயலான் கடைக்குப் போடலாமா?

சங்ககிரி பிரேக்கர்

அப்படியே போடக் கூடாது தம்பி. காயலான் கடையில் காஸ் கட்டரால்தான் வெட்டுவார்கள். உள்ளே அழுத்தம் இருந்தால் வெட்டுபவர் உயிருக்கு ஆபத்து, அவருக்கு அது என்ன பொருள் என்றே தெரியாது. ஆயில் பக்கம் திறந்திருப்பதால் காலி என்று நினைக்காதீங்க, காஸ் மறுபக்கம் அடைபட்டிருக்கும்.

வால்வு உள்ளதாக இருந்தால் கிட் மாட்டி மெல்ல முழுசாகக் காஸை வெளியேற்றி, வால்வைக் கழற்றி எடுத்துவிட்டு, திறந்த துளையோடு போடுங்க. திறந்த இடத்தில் செய்யுங்க, பூட்டிய அறையில் நைட்ரஜன் நிறைந்தால் மூச்சுக்கு ஆக்சிஜன் இருக்காது. வால்வே இல்லாமல் ஆலையிலேயே நிரப்பி மூடிய வகை என்றால் டிரில் போடாதீங்க, ரம்பம் வைக்காதீங்க, வெல்டிங் பற்றவைக்காதீங்க. அந்தக் கம்பெனி டீலரிடமோ, ஹைட்ராலிக் வேலை செய்யும் பெரிய பட்டறையிலோ கொடுத்துக் காலி செய்யச் சொல்லுங்க. அதுவரைக்கும் உருண்டையின் மேல் "காஸ் உள்ளது" என்று பெயிண்டில் எழுதித் தனியாக வையுங்க.